பச்சை ஏறிய கை

நம்புத்தாயின் கையில் முதன்முதலாகப் பச்சை தெரிந்த அன்று நான் வார்டு முழுவதற்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. நோய் அடங்குவது வேறு, மனுஷி குணமாவது வேறு என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. பதினொரு வருடம் இந்த ஒரே கிருமியோடு குடும்பம் நடத்தியவள், டாக்டர் ஜுலைகா என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டவள், இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெள்ளைப் பாசி என்று எங்கள் கரையில் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது அபூர்வ வியாதி. மருத்துவப் புத்தகத்தில் அரைப் பக்கம் இருக்கும், பரீட்சைக்குக்கூட யாரும் படிக்க மாட்டோம். பிறகு கடல் சூடேறிய வருடங்கள் வந்தன. பாம்பன் பக்கத்துப் பாறைகளில் அது மெல்லிய பாலாடையாகப் படிந்தது. கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களின் விரல்களில் பாறை கிழித்த கீறல் வழியாக உள்ளே போனது. முதலில் அரிக்கும். பிறகு தோல் வெளுக்கும். பிறகு சதை கரையும். இருந்த ஒரே மருந்து பாசியைக் கொல்வதற்குள் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அதனால் கையை எடுத்துவிடுவார்கள். நான் இந்த ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னால் ஏழு பெண்களுக்கு அப்படி எடுத்திருந்தார்கள்.

நம்புத்தாய்க்கு இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை இருந்தது. வயது இருபத்தேழு. ஏழு வயதில் கடலில் இறங்கியவள். எட்டு மாதப் பெண் குழந்தை, பெயர் தர்ஷிகா. புருஷன் கார்மேகம் ஐஸ் பிளாண்டில் வேலை பார்த்தான். இரண்டு கையும் போனால் பிள்ளையை எப்படித் தூக்குவது என்ற ஒரே கேள்வியை அவள் என்னிடம் மூன்று விதமாகக் கேட்டாள்.

நான் கண்டுபிடித்திருந்த வழி அவளுக்குத்தான் முதலில் செய்யப்பட்டது. பச்சை தெரிந்த அன்று, லட்டைக் கையில் வைத்துக்கொண்டு கார்மேகம் கேட்டான்.

"இது என்னதான் மருந்து டாக்டரம்மா?"

"மருந்து இல்ல தம்பி. இந்தப் பாசி ரொம்ப காலத்துக்கு முன்னாடி பச்சையாத்தான் இருந்துச்சு. வெயில வச்சு தன் சோத்தைத் தானே பொங்கித் தின்னுச்சு. எப்பவோ அந்தப் பச்சையத்தைத் தொலைச்சிருச்சு. அதுக்கப்புறம்தான் அடுத்தவங்க ஒடம்பைத் தேடி வர ஆரம்பிச்சது. தொலைச்சதை நாங்க திருப்பிக் குடுத்திருக்கோம். இனிமே வெயில் பட்டா போதும், சதையைத் தொடாது."

"அப்ப அது கையை விட்டுப் போகாதா?"

"போகாது. அடங்கி இருக்கும்."

கார்மேகம் லட்டைப் பிட்டுக்கொண்டே சொன்னான். "விருந்துக்குன்னு வந்து வீட்டோட தங்கிட்ட மச்சினன் மாதிரி."

"எந்தம்பியத்தானே சொல்றீக," என்றாள் நம்புத்தாய். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மீதியைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

மீதி இதுதான். கைகள் தினமும் ஆறு மணி நேரம் வெயிலில் இருக்க வேண்டும். இருட்டில் அதிக நேரம் கிடந்தால் பாசிக்குப் பசிக்கும், பசித்தால் பழைய புத்திக்குத் திரும்பிவிடும். கையுறை கூடாது. கண்ணாடி போன்ற மெல்லிய உறை போட்டுப் பார்த்தோம், அரை மணி நேரத்தில் வியர்வையில் ஊறித் தோல் பிய்ந்து வந்தது. அந்தக் கையால் இன்னொருவரின் தோலைத் தொடவும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும், அந்தப் பக்கம் போய்விடும். போகிற இடத்தில் பச்சையை உதிர்த்துவிட்டு வெள்ளையாகத்தான் முளைக்கும். அது ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குழந்தைகளின் தோலில் அது ஒரு வாரத்தில் எலும்பு வரை இறங்கும்.

"புள்ளயத் தூக்கலாமா?"

"கூடாது."

"எம்புட்டு நாளைக்கு?"

நான் கோப்பைப் புரட்டினேன். அதில் ஒன்றும் இல்லை, எனக்கே தெரியும். "பச்சை இருக்கற வரைக்கும்," என்றேன்.

அவள் அழவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "கொண்டாங்க," என்று கார்மேகத்திடம் சொன்னாள். அவன் குழந்தையை அவள் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். கன்னத்தில் கன்னம் வைத்தாள். குழந்தை அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. முகத்துக்குத் தடையில்லை, கைக்குத்தான் தடை. அன்றிலிருந்து தினமும் மாலை நான்கு மணிக்கு அவன் இப்படிக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனான்.

பகலெல்லாம் ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் இந்தச் சிகிச்சைக்கு வந்த பெண்கள் உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வடாம் காயப்போட்ட மாதிரி இருக்கும். அடுத்த நான்கு மாதத்தில் பதினாறு பேர் ஆகிவிட்டார்கள். பாசி வந்தவர்கள் ஒருவரையொருவர் தொடலாம், அதில் புதிதாக வர ஒன்றுமில்லை. அதனால் மாடியில் எந்நேரமும் யாராவது யாருக்காவது தலை பின்னிக்கொண்டிருப்பார்கள், பேன் பார்ப்பார்கள், முதுகு சொறிந்துவிடுவார்கள். தொட முடியாத கைகள் அங்கே சும்மாவே இருக்காது. பாசி இல்லாதவர்கள் தாண்டக் கூடாது என்று போட்ட மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் கார்மேகம் குழந்தையோடு நின்று பார்ப்பான்.

"முன்னப்பின்ன தெரியாத பொம்பளைக்கெல்லாம் சடை போடுறா," என்று ஒருநாள் என்னிடம் புகார் மாதிரி சொன்னான். "எங்களுக்குக் கையக் காட்டுறதோட சரி."

"பொறாமையா தம்பி?"

"ஆமா," என்றான். மறைக்கவில்லை.

ஐந்தாவது மாதம் அவளை வீட்டுக்கு அனுப்பினேன். என்னென்ன கூடாது என்று ஒரு தாளில் பதின்மூன்று விதிகள் அச்சடித்துக் கொடுத்தேன். விதி எண் நான்கு, கையுறை அணியக் கூடாது. விதி எண் ஐந்து, கையின் தோல் குழந்தையின் மேல் படக் கூடாது. எனக்கு அந்தத் தாளின் மேல் அவ்வளவு பெருமை. படம்கூடப் போட்டிருந்தோம்.

பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்தாள். இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் வெளுத்திருந்தன. பச்சை எங்கேயுமே சரியாக இல்லை, வாடின கீரை நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்தது. வெயில் கொட்டுகிற சித்திரை மாதம்.

"வெயிலுக்குப் போகலையா?"

"போனேன் டாக்டரம்மா. நாள் பூரா வாசல்லதான் கெடந்தேன்."

"கையுறை போட்டியா?"

"சத்தியமா இல்ல."

நான் கத்தினேன். கத்துவது எனக்குப் பழக்கம், வார்டில் எல்லாருக்கும் தெரியும். பொய் சொல்லாதே என்றேன். அவள் மடியிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்து வைத்தாள். பழைய சேலையைக் கிழித்த நீள நீளமான பட்டைகள்.

"இதச் சுத்தித்தான் தூக்கினேன். தோலு படவே இல்ல. நீங்க சொன்னபடிதான் செஞ்சேன்."

கடலில் இறங்கும் பெண்கள் எல்லாரும் விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள். பாறை கிழிக்காமல் இருக்க அது ஒன்றுதான் காவல். சுற்றிய விரலுக்கு ஒன்றும் ஆகாது என்று ஏழு வயதிலேயே அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அவள் கணக்கில் கையுறை என்பது ரப்பர், டாக்டர் போடுவது. துணி என்பது கடலுக்குப் போகிற கையின் ஒரு பாகம். அந்தத் துணியை நாலு சுற்றுச் சுற்றி, பத்தொன்பது நாள், காலையிலிருந்து மாலை வரை பிள்ளையை இடுப்பை விட்டு இறக்காமல் வைத்திருந்திருக்கிறாள். வாசல் வெயிலில் உட்கார்ந்திருந்தாலும் கைக்கு இருட்டுதான்.

நான் ஆராய்ச்சி செய்த பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூட அவர்களில் ஒருத்தியிடம் "கடலுக்குள்ளே கையை எப்படிக் காப்பாத்திக்கிறீங்க?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் விதி எண் நான்கில் இன்னொரு வரி இருந்திருக்கும். அந்த இரண்டு விரல்களையும் எடுத்தபோது நான் அறுவை அறையிலேயே நின்றிருந்தேன். வெளியே வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்டாள், "புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. அவளுக்குச் சுத்தமா ஒண்ணும் இல்ல."

"அப்பச் சரி," என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவள் தர்ஷிகாவைத் தூக்கவில்லை. குழந்தை நடந்தது, ஓடியது, பேசியது. விழுந்தால் அப்பாவிடம் ஓடியது. அம்மாவிடம் ஓடினால் அம்மா எழுந்து பின்வாங்குவாள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த மருந்தும் எங்கள் ஆய்வுக்கூடத்தில்தான் தயாரானது. இந்த முறை நான் லட்டு வாங்கவில்லை. நம்புத்தாயையும் கார்மேகத்தையும் என் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

"இந்த மருந்து பச்சைக்குள்ள மட்டும்தான் போகும். பூசிட்டு சிவப்பு வெளிச்சம் காட்டினா பாசி மொத்தமா செத்துரும். வேரோட."

"அப்ப புள்ளயத் தூக்கலாம்."

"தூக்கலாம். ஆனா இன்னொண்ணு இருக்கு. இத்தனை நாள்ல பாசி உன் நரம்பு நுனியோட பின்னிக்கிச்சு. அது சாகும்போது நுனியும் கருகிரும். கை அசையும், பிடிக்கும், தூக்கும். தொட்டா தெரியாது. சூடு, குளிர், மெத்து, முள்ளு எதுவும் தெரியாது."

"எப்பவுமா?"

"எப்பவும்."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். நல்ல பச்சை, மழைக்குப் பிறகு மதில் சுவரில் இருக்கிற மாதிரி. பாசி எடுக்கிறவளுக்கு விரல்தான் கண் என்று முன்பு ஒருமுறை சொல்லியிருந்தாள். கலங்கின தண்ணீரில் எது விலைபோகிற கஞ்சிப்பாசி, எது வெறும் குப்பை என்று விரல் சொல்லிவிடுமாம்.

"எடது கைக்கு மட்டும் செய்யுங்க," என்றாள்.

"ஏன்?"

"எடது கை புள்ளைக்கு. வலது கை எனக்கு இருக்கட்டும். எதாச்சும் ஒண்ணு தெரியணுமில்ல டாக்டரம்மா. தண்ணியாச்சும், மணலாச்சும்."

நான் வாதாடினேன். வீட்டில் ஓடுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு கையில் விஷத்தை வைத்திருப்பதா என்று கேட்டேன். "இம்புட்டு நாளும் ரெண்டு கையப் பின்னால வச்சு வளத்தேன். இனி ஒரு கையத்தானே," என்றாள். கார்மேகம் அவள் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் நான் கையெழுத்துப் போட்டேன். சரியா தப்பா என்று கேட்டால் இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

இடது கை வெளுத்து, தோல் உரிந்து, பழைய நிறத்துக்கு வர மூன்று வாரம் ஆனது. பரிசோதனையில் ஒரு பாசிகூட இல்லை. அன்று கார்மேகம் தர்ஷிகாவை வார்டுக்குள்ளேயே அழைத்து வந்தான். குழந்தைக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. நம்புத்தாய் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு குனிந்து, மூன்று விரல் இருக்கும் இடது கையால் பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குழந்தை முதலில் முறுக்கியது. பிறகு அம்மா தோளில் தலையைச் சாய்த்தது. நர்ஸ் எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள்.

"கனம் தெரியுது டாக்டரம்மா," என்றாள் நம்புத்தாய். "தோளுக்குத் தெரியுது, இடுப்புக்குத் தெரியுது. கைக்குத்தான் தெரியல."

பிள்ளையின் தலையைத் தடவினாள். மறுபடியும் தடவினாள். பிறகு கார்மேகத்தைப் பார்த்து, "முடி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"எப்படின்னா?"

"தொட்டா எப்படி இருக்கு? மெத்துன்னு இருக்கா, சொரசொரன்னு இருக்கா?"

அவன் பிள்ளையின் தலையில் கை வைத்து ரொம்ப நேரம் யோசித்தான். "முடி மாதிரி இருக்கு," என்றான்.

"ஐஸ் கட்டியத் தொட்டுத் தொட்டு உங்க கை மரத்துப்போச்சு," என்று அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. திரும்பவும் திரும்பவும் பிள்ளையின் தலையைத் தொட்டு வார்த்தை தேடிக்கொண்டிருந்தான். அவர்கள் போன பிறகும் எனக்கு அந்த முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

பரிசோதனைக்கு அவள் ஒழுங்காக வந்தாள். இடது கையால் பிள்ளைக்கு ஊட்டுகிறாள், குளிப்பாட்டுகிறாள், அடிக்கக்கூடச் செய்கிறாள் என்று தெரிந்தது. வெந்நீர் சூட்டை முழங்கையால் பார்க்கப் பழகியிருந்தாள். வலது கையைப் பற்றிக் கேட்டேன்.

"பொழுதுக்கும் கடல்ல விட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். அலை வந்து வந்து போகும். அதுக்கு மேல தொட யாரு இருக்கா."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். கார்மேகம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டு மாதம் கழித்து அவன் தனியாக வந்தான். வெளிநோயாளி வரிசையில் நின்று, சீட்டு வாங்கிக்கொண்டு, முறைப்படி வந்து என் எதிரில் உட்கார்ந்தான். வலது கையை மேசையில் வைத்தான்.

விளக்கைப் போட்டதுமே தெரிந்துவிட்டது. வெள்ளைப் பாசி. ஆரம்பக் கட்டம்.

"எப்படி வந்துச்சு?"

"பாறை கிழிச்சிருச்சு டாக்டரம்மா."

"ஐஸ் பிளாண்டுக்குள்ள பாறை எங்க இருந்து வந்துச்சு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் கையைத் திருப்பிப் பார்த்தேன். பாறை கிழித்தால் விரல் நுனியில்தான் தொடங்கும், இத்தனை கை பார்த்த எனக்கு அது தெரியாதா. இவனுக்கு நுனியெல்லாம் சுத்தமாக இருந்தது. வெள்ளை, விரலுக்கும் விரலுக்கும் நடுவிலான இடுக்குகளில் கோடு கோடாக இருந்தது. புறங்கையில் விரல் பதிகிற இடங்களில் திட்டுத்திட்டாக இருந்தது. ஒரு கையை இன்னொரு கை கோத்துப் பிடித்தால் எங்கெல்லாம் படுமோ, அங்கெல்லாம்.

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமா. அவ மேல தப்பில்ல. மத்தியானம் அவ அசந்து தூங்கையில நாந்தான் அவ வலது கையப் புடிச்சேன். என் கையிலதான் எந்நேரமும் ஐஸ் வெடிப்பு இருக்கே, லேசா ஒட்டிக்கிச்சு. ஒருநாள் முழிச்சுப் பாத்துட்டு உதறினா, கத்தினா. அதுக்குள்ள அரிப்பு ஆரம்பிச்சிருச்சு, இனிமே உதறி என்ன செய்யன்னேன்."

"பைத்தியமா உங்களுக்கு?" எனக்குக் குரல் ஏறியது. "பிள்ளையை நினைச்சுப் பார்த்தீங்களா?"

"நெனச்சுத்தான் ஒரு கையோட நிறுத்திக்கிட்டேன். எடது கை சுத்தமா இருக்கு, பாத்துக்கங்க." இடது கையையும் மேசையில் வைத்தான். சுத்தமாகத்தான் இருந்தது.

"உங்க ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டு கைதான் அவளுக்கு மிச்சம்."

"ஒரு புள்ளைக்கு ரெண்டு கை போதாதா டாக்டரம்மா?"

 நான் கோப்பைத் திறந்தேன். அவனே பேசினான்.

"தூக்குற கைக்கு ஒண்ணும் தெரியல. தெரியுற கைக்கு ஒண்ணும் கெடைக்கல. எங்கிட்ட முடி எப்படி இருக்கு, கன்னம் எப்படி இருக்குன்னு கேக்குறா. எனக்குச் சொல்லவும் வரல. பாசி வந்த கைய அவ தொடலாமுல்ல, இதுவாச்சும் கெடைக்கட்டுமேன்னுதான்."

வேண்டுமென்றே தொற்றிக்கொண்டவர்களைப் பற்றி மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. அப்படி எழுதினால் சிகிச்சை வரிசையில் அவன் கடைசிக்குப் போவான், அதற்குள் கை போய்விடும். கோப்பில் காரணம் என்ற இடத்தில் 'வேலையில் ஏற்பட்ட தோல் வெடிப்பு' என்று எழுதினேன். அது பொய்யும் இல்லை. எழுதும்போது எனக்கு அவன் மேல் கோபம் இருந்தது, அதைவிடக் கூடுதலாக நம்புத்தாயின் மேல் பொறாமை இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் தனியாக இருப்பவள் இதை ஒப்புக்கொள்வதில் தப்பில்லை.

நர்ஸ் பச்சையத் திரவத்தைக் கொண்டுவந்து வைத்தாள். நான் அவன் கையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"நம்பு என்ன சொல்றா?"

"எங்க சொல்றா. இருபது நாளா எங்கூடப் பேச்சே இல்ல."

"அவ்வளவு கோபமா?"

"ஆமா டாக்டரம்மா. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கா," என்றான் கார்மேகம். "கைய மட்டும் விடமாட்டேங்குறா."